எரிப்பதா, விற்பதா, உழுவதா? டெல்டா வைக்கோலின் கணக்கு

தை அறுவடை முடிந்த கையோடு திருவாரூர்ப் பக்கம் ஒரு வயலில் இறங்கிப் பாருங்கள். அறுவடை இயந்திரம் போன தடமெல்லாம் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்து, அந்த வரிக்கு அடியில் வெளிச்சம் காணாமல் வெளிறி நிற்கும். வைக்கோலை உடனே அகற்றியாக வேண்டும். எங்கே அனுப்புவது?

எரிப்பதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். குறுவை (முதல் போக நெல்) அறுத்துத் தாளடி (அடுத்த போகம்) நடுவதற்குள் சில வாரங்களே இருப்பதால்தான் சிலர் தீ வைக்கிறார்கள். அந்த அவசரம் எனக்குத் தெரியும். ஆனாலும் அது நஷ்டம்.

விற்றால் கையில் காசு. வியாபாரியே கட்டு கட்டும் இயந்திரத்தோடு வந்து, லாரியில் ஏற்றிக் கேரளத்து மாடுகளுக்குக் கொண்டுபோகிறார். நாலு பேருக்கு வேலையும் கிடைக்கிறது. கழிவு காசானது, இதுவே சுழற்சிப் பொருளாதாரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள சாம்பல்சத்து (பொட்டாஷ்) சுமார் 28 முதல் 40 கிலோ. கடைக் கணக்கில் ஏறத்தாழ ஒரு 50 கிலோ பொட்டாஷ் உர மூட்டையில் இருக்கும் சத்து. அந்த மாடுகளின் சாணம் நம் வயலுக்குத் திரும்பப் போவதில்லை. இந்தியாவுக்கோ பொட்டாஷ் கிட்டத்தட்ட முழுவதும் கப்பலில்தான் வருகிறது. வைக்கோல் விற்றதும் வளர்ச்சிக் கணக்கில் ஏறும், மூட்டை வாங்கியதும் ஏறும். மண் இழந்தது மட்டும் எதிலும் ஏறாது.

மடக்கி உழுதால் சத்து வயலிலேயே தங்கும். ஆனால் வைக்கோலை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் முதலில் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளடிக்கும். தண்ணீர் கட்டிய சேற்றில் புதைத்தால், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் கூடும். நடவுக்கு ஒரு மாதம் முன்பே, புழுதியில் உழுதுவிட்டால் இரண்டும் குறையும். உளுந்து போடாத சம்பா (ஒரே போக நெல்) வயலுக்குக் கோடை உழவில் இது நன்றாகவே முடியும். குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில் முடியாது.

காளான் வளர்ப்பை நான் விரும்புகிறேன். நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்த வைக்கோலைப் பையில் அடைத்தால் பால் காளான் நம் வெயிலையும் தாங்கி வளரும். மிச்சம் எருக்குழிக்குப் போய், வயலுக்கே திரும்பும். ஆனால் ஒரு கொட்டகை எத்தனை ஏக்கர் வைக்கோலைத் தின்னும்? பறித்த காளானும் சீக்கிரம் விற்றாக வேண்டும்.

வீட்டில் மாடு இருந்தால் போர் போட்டுவிடுங்கள்: வைக்கோல் மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. மாடு இல்லாதவர்கள் பாதியை வரப்போரம் குவித்து, சாணக் கரைசல் தெளித்து மட்கவிடலாம். மீதியை விற்கும்போது, வியாபாரியிடம் அந்தப் பொட்டாஷின் விலையையும் சேர்த்தே கேளுங்கள்.