ஒன்பது மாரி, ஒரு கமெரா: திருகோணமலை மழையில் நனைந்த அனுபவம்

2016 புரட்டாதியில், மாரி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, ஒலிம்பஸ் ஓஎம்-டி ஈ-எம்5 மார்க் 2 வாங்கினேன். கூடவே அதே நிறுவனத்தின் 12-40 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். இரண்டும் நீர்த்தெறிப்பைத் தாங்கக் கூடியவை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வாங்கினேன். அதற்கு முன் என்னிடம் இருந்த கமெராவை நனைய விட முடியாது. மழை வந்தால் ஜன்னல் கம்பிக்குள்ளால் எடுப்பேன், எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். மழையின் அழகு மழைக்குள் நிற்பவருக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறவன் நான். இப்போது ஒன்பது மாரி போய்விட்டது. சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கமெராவை அதற்கு ஏற்பத்தான் பழக்க வேண்டியிருந்தது. ஐப்பசியில் வருவது பின்னேர மழை. உள்நாட்டுப் பக்கம் கறுத்து, இடி மின்னலோடு வந்து, ஒரு மணித்தியாலம் கொட்டிவிட்டுப் போய்விடும். கார்த்திகை கடந்து மார்கழிக்கு வந்தால் கதை வேறு. வாடைக்காற்றோடு கடலில் இருந்து மழை ஏறும். இடி குறைவு, நேரம் அதிகம், சில நாட்களில் விடிந்ததும் தெரியாது பொழுதுபட்டதும் தெரியாது. இந்த இரண்டு மழைக்கும் வெளிச்சம் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாரி எடுத்தது.

முதல் மாரியில் எடுத்த படங்களில் மழையே இல்லை. நனைந்த தெரு இருக்கிறது, குடை இருக்கிறது, விழுகிற மழையைக் காணவில்லை. துளி தெரிய வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் வெளிச்சமும், அந்த வெளிச்சத்துக்கும் பின்னால் இருட்டான ஏதாவது ஒன்றும் வேண்டும். மார்கழிக் காலையில் டச்சு வளைகுடாக் கரையில் நின்றால் இது தானாக அமையும். சூரியன் கடல் பக்கம்தான் எழும்பும், மழையும் கடலில் இருந்துதான் வரும். மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்தால் போதும், மழை கடல்மேல் வெள்ளித் திரையாக நடந்து வருவதைப் பார்க்கலாம். அதை முதன்முதலில் கண்ட காலை ஷட்டரை அழுத்த மறந்து நின்றேன்.

ஷட்டர் வேகம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய மழைத்துளி ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழும். 1/60 விநாடியில் எடுத்தால் அந்த நேரத்துக்குள் துளி 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும், படத்தில் நீளக் கோடாக வரும். 1/1000இல் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது, மணி மணியாக நிற்கும். எனக்குப் பிடித்தது 1/125. கோடு நீளம் குறைந்து வரும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் காட்டும். வாடையில் மழை சாய்ந்து விழுவதைக் காட்டாத படம் மார்கழி மழைப் படம் ஆகாது என்பது என் எண்ணம்.

உப்புவெளிக் கரையில் ஐப்பசிப் பின்னேரம் ஒன்றில் நடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. வள்ளத்தைக் கரைக்கு மேலே இழுத்துப் போட்டுவிட்டு, வலைக் குவியலைத் தறப்பாளால் மூடிக்கொண்டிருந்தார் ஒரு வயதானவர். வானம் எனக்கு வெளித்தது போலத்தான் இருந்தது.

"தம்பி, மெசினை மூடு. இன்னும் கா மணித்தியாலத்தில கொட்டும்."

"நனைஞ்சாலும் பழுதாகாது ஐயா, இது மழைக்கெண்டு செய்தது."

"அப்ப நில். பெய்து முடியேக்க கடலைப் பார், கரையைப் பாராதே."

சொன்னபடியே கொட்டியது. நான் தென்னைக்குக் கீழே குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். மழை எங்களைக் கடந்து கடலுக்குள் போனபோது மேற்கே வெயில் விழுந்தது. கிழக்கே, கறுத்த மழைக்கு முன்னால், அடியில் இருந்து அடிவரை முழு வானவில். சூரியன் பின்னால் தாழ்வாக இருக்க, மழை முன்னால் இருக்க வேண்டும். 42 பாகைக்கு மேலே சூரியன் நின்றால் தரையில் இருந்து பார்ப்பவருக்கு வானவில் கிடைக்காது. பின்னேர மழை கடலுக்குப் போகிற எங்கள் கரையில் அது ஏன் அடிக்கடி கடல்மேலேயே விழுகிறது என்பது இதை அறிந்த பிறகுதான் விளங்கியது. அவருக்கு அது பாகைக் கணக்கு இல்லாமலே தெரிந்திருந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அவரிடம் கொடுத்தேன்.

மின்னலுக்கு இந்தக் கமெராவில் உள்ள லைவ் கொம்போசிற் வசதியைப் போல உதவியது வேறொன்றும் இல்லை. முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதன்பின் புதிதாக வெளிச்சம் விழுந்த இடங்களை மட்டும் அதன்மேல் சேர்த்துக்கொண்டே போகும். தெரு விளக்கும் துறைமுக விளக்கும் வெளுத்துப் போகாது, மின்னல் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். இதற்கு ட்ரைபொட் வேண்டும், நிற்பது கட்டடத்துக்குள்ளே இருக்க வேண்டும். இடி கேட்கிற தூரத்தில் வெளியில் நின்று நான் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன். உறவினர் வீட்டு மேல்மாடிக் கதவைத் திறந்து வைத்து உள்ளே இருந்து எடுத்தவைதான் எல்லாம்.

உட்துறைமுகப் பக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டச்சு வளைகுடாவில் அலை மதில் அளவுக்கு எழும்பும் அதே நேரத்தில், ஊரைக் குறுக்கே நடந்து உட்துறைமுக வீதிக்கு வந்தால் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். அதன்மேல் தூறல் விழுந்தால் வளையங்கள். ஒரு துளியின் வளையம் அடுத்ததைத் தொட்டு, இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவி, எதுவும் உடையாமல் விரிந்து போகும். இருந்தும் எழும்பியும் இந்த வளையங்களை மட்டும் ஒரு காலை முழுவதும் எடுத்திருக்கிறேன். ஒரே ஊரில் ஒரே மழைக்கு இரண்டு கடல்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மழையில் மரத்தடியில் கூடும். போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டை; 1803இல்தான் இந்தப் பெயர் வந்தது. மான்களுக்கு மனிதர் பழக்கம், கிட்டப் போகலாம். ஒரு மானின் இமை மயிரில் துளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் கோட்டை வாசல் தலைகீழாகத் தெரிந்தது. மான் இமைத்தது, துளி போய்விட்டது. மூன்று படம்தான் கிடைத்தது, ஒன்றுதான் தெளிவு. அந்த வீதியாலேயே மார்கழி விடியற்காலையில் திருவெம்பாவைக்குக் கோணேசர் கோயிலுக்கு ஏறுபவர்கள் குடையோடு போவார்கள். இருட்டு, வாடை, ஈர வீதியில் விளக்கின் நிழல். கையில் பிடித்தபடியே அரை விநாடி வரை எடுக்க முடிந்தது. இந்தக் கமெராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு அவ்வளவு நல்லது. ட்ரைபொட்டை விரித்து வழிபட வருபவர்களின் வழியை மறிக்க எனக்கு மனம் வராது.

தம்பலகாமத்து வயல் பெரும்போகத்தில் பச்சையாக நிற்கும்போது போங்கள். இங்கே லென்ஸுக்கு முன்னால் பூட்டும் பொலரைசர் வடிகட்டி மிகவும் உதவும். ஈர இலையின் பளபளப்பை நீக்கிவிட்டால் உண்மையான பச்சை வெளியே வரும். வெளிச்சம் ஒன்றரை, இரண்டு ஸ்டொப் குறையும் (ஒரு ஸ்டொப் என்றால் பாதியாகக் குறைவது), பரவாயில்லை.

கிண்ணியாப் பாலம் 396 மீட்டர். 2009இல் திறந்தது. அடைமழையில் மறுகரை தெரியாமல் பாலம் மழைக்குள்ளேயே முடிந்துபோகும். அது ஒரு படம், அவ்வளவுதான், ஆனால் நல்ல படம்.

2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் ஊருக்கு வடக்கே கரையேறியபோது கமெரா பெட்டிக்குள் இருந்தது. பயந்து இருப்பவர்களுக்கு நடுவில் அதை எடுக்கத் தோன்றவில்லை.

சரி, பராமரிப்பு. இதில்தான் நான் பணமும் மனமும் இழந்தேன். மழைநீர் பெரிய எதிரி இல்லை, கடல் உப்பும் ஈரக் காற்றும்தான் எதிரி. மூன்றாவது மாரியில் நனைந்த லென்ஸைத் துடைத்துத் துணிப்பையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். தையில் எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சணம். பிழை முழுக்க என்னுடையது. திருத்தக் கொடுத்த கடையில் துடைத்துத் தந்தார்கள், ஆனால் நீர் புகாமல் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சரியாகப் பொருத்தவில்லை. அடுத்த மழையில் லென்ஸுக்குள் தண்ணீர். நீர்காப்புள்ள பொருளை ஒருமுறை கழற்றினால் பழைய நம்பிக்கையை அதில் வைக்கக் கூடாது. அந்த லென்ஸ் இன்னும் வேலை செய்கிறது, பொலித்தீன் பை போட்டுத்தான் மழைக்குக் கொண்டுபோகிறேன்.

இப்போது வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முழுவதும் துடைப்பேன். அப்புறம் உலர்ந்த துணி, அப்புறம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி. முள் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். நீலமாக இருந்த ஜெல் இளஞ்சிவப்பானால் மெல்லிய நெருப்பில் சூடாக்கித் திரும்பப் போடுவேன். அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுப்பதில்லை. ஏசி அறையில் இருந்து நேரே வெளியே கொண்டுபோனால் கண்ணாடி புகைத்துவிடும். பையை மூடியபடி அரை மணித்தியாலம் வெளியில் வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

களத்தில் லென்ஸ் ஹூட், அதாவது லென்ஸின் முனையில் பூட்டும் மறைப்பு, கட்டாயம். கண்ணாடியில் துளி விழாமல் காப்பது அதுதான். தொடுதிரையை அணைத்துவிடுங்கள், தொடுதிரை மழைத்துளியை விரலென்று எடுத்துக்கொள்ளக் கூடும். குவியத்தைக் கையால் வையுங்கள், தானியங்கிக் குவியம் முன்னால் விழும் துளியைப் பிடித்துக்கொண்டு தவிக்கும். பற்றரி இரண்டாவது ஒன்று சட்டைப்பைக்குள் இருக்கட்டும், ஆனால் மழையில் மாற்றாதீர்கள், பற்றரிக் கதவு திறந்தால் காப்பு இல்லை.

ஒலிம்பஸின் கமெராப் பிரிவு 2021 தொடக்கத்தில் ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் ஆகிவிட்டது. இந்த மாதிரி இப்போது பாவித்ததாகத்தான் கிடைக்கும். கதவுகளின் ரப்பர் விளிம்பு வெடிக்காமல் இருந்தால் வாங்கலாம். மழைக்கென்றே எடுப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வேன்.

எனக்கு இன்னும் கிடைக்காத படம் ஒன்று கன்னியாவில் இருக்கிறது. ஏழு கிணற்றிலும் வெந்நீர். மார்கழிக் குளிரில் மேலே ஆவி எழும்ப, அதற்குள் மழை இறங்கும். மூன்று தரம் போனேன். இரண்டு தரம் லென்ஸ் புகைத்தது, ஒரு தரம் மழை நின்றுவிட்டது. இந்தமுறை விடியுமுன் போய், லென்ஸைக் கிணற்றங்கரைக் காற்றிலேயே அரை மணித்தியாலம் வைத்திருந்து பார்க்கப் போகிறேன்.