ரிப்பேருக்கு வெளிநாடு போகும் பொருளை 'கிஃப்ட்' என்று புக் செய்யும் ஏஜென்ட்கள்: உஷார்

கேமரா, லென்ஸ், வாட்ச், இசைக்கருவி என எதையாவது ரிப்பேருக்காக வெளிநாட்டுக்கு கூரியரில் அனுப்பப் போகிறீர்களா? பெட்டியை ஏஜென்ட் கையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2023-இல் கோவையிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு லென்ஸ் அனுப்பி, 27,000 ரூபாய் தண்டம் அழுதவன் எழுதுகிறேன்.

ஃபோகஸ் வளையம் இறுகிப்போன பழைய லென்ஸ். இங்கே அதைப் பிரிக்க யாரும் துணியவில்லை. "விக்கிறதுக்கு இல்லைங்க, ரிப்பேர் ஆகி எனக்கே திரும்ப வரும்" என்று ஏஜென்டிடம் தெளிவாகச் சொல்லி, ஜெர்மன் பட்டறையின் கடிதத்தையும் சீரியல் நம்பர் உள்ள பில்லையும் கொடுத்தேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம், லென்ஸ் ரிப்பேர் ஆகித் திரும்பி, சென்னை விமான நிலையச் சுங்கத்தில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஏற்றுமதிப் படிவத்தில் இருந்தது ஒரே வரி: 'பழைய லென்ஸ், கிஃப்ட்'. சீரியல் நம்பரும் இல்லை, ரிப்பேர் என்ற பேச்சும் இல்லை.

ரிப்பேருக்குப் போய்த் திரும்பும் பொருளுக்கு சுங்கத்துறையின் அறிவிக்கையில் (2023-இல் அதன் எண் 45/2017) சலுகை இருக்கிறது. 3 வருடத்துக்குள் (அனுமதி வாங்கினால் 5) திரும்பிவிட்டால், ரிப்பேர் கூலி, போட்ட பாகங்கள், போக வர கூரியர், இன்சூரன்ஸ் இவற்றுக்கு மட்டும்தான் வரி. ஆனால் போன பொருளேதான் வந்திருக்கிறது, உரிமையாளர் மாறவில்லை என்று அதிகாரிக்குத் திருப்தியாக வேண்டும். கிஃப்டாகப் போனது இன்னும் என்னுடையது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதிகாரி மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் முன்னால் இருந்த காகிதம் அப்படி.

தனிநபர் பெயரில் வரும் பொருளுக்கு அப்போது அடிப்படை வரி 35 சதவீதம், அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, பொருளின் மதிப்பும் இந்த வரிகளும் சேர்ந்த தொகைக்கு ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) 28 சதவீதம். மொத்தம் பொருள் மதிப்பில் 77.28 சதவீதம். லென்ஸின் முழு மதிப்பு 60,000 என்று எடுத்து 46,368 ரூபாய் போட்டார்கள். சலுகை கிடைத்திருந்தால் ரிப்பேர் 17,000, கூரியரும் இன்சூரன்ஸும் 8,000, ஆக 25,000-க்கு வரி 19,320 தான். இந்த வித்தியாசம்தான் நான் அழுத 27,000. விகிதம் அதன்பிறகு குறைந்திருக்கிறது. கணக்கு போடும் முறை இதேதான்.

இதற்கு மேல், கூரியர்காரர்கள் வரியை எனக்காக முன்கூட்டிக் கட்டினார்களாம், அதற்கு ஒரு சார்ஜ், அந்த சார்ஜுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி!

ஏஜென்ட் சொன்ன இன்னொரு வார்த்தைதான் ஆபத்தானது. "இப்ப கட்டி எடுத்துடுங்க சார், அப்புறம் ரீஃபண்ட் போட்டா வந்துடும்." வராது. வரி மதிப்பீட்டை முதலில் மாற்ற வைக்காமல் ரீஃபண்ட் மட்டும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஐடிசி நிறுவனத்தின் வழக்கில் 2019-லேயே சொல்லிவிட்டது. மதிப்பீட்டை மாற்ற வைக்கும் மேல்முறையீட்டுக்குக் கெடு 60 நாள். ரீஃபண்ட் மனு போட்டிருக்கிறோம் என்று என்னை இழுத்தடித்தே அந்தக் கெடுவைத் தாண்ட வைத்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். கையோடு மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள்.

அனுப்பும்போது ஏற்றுமதிப் படிவத்தின் வரைவை வாட்ஸ்அப்பில் வாங்கி, 'ரிப்பேருக்காக, திரும்பி வரும்' என்பதும் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பார்க்காமல் பெட்டியை விடாதீர்கள். திருப்பி அனுப்பும் பட்டறையின் பில்லில் அதே சீரியல் நம்பர், நம் ஏற்றுமதிப் படிவ எண், ரிப்பேர் செலவு தனி, பொருள் மதிப்பு தனி என்று இருக்க வேண்டும். ஜெர்மனிக்குள் நுழையும்போதும் 19 சதவீத இறக்குமதி வாட் உண்டு. ரிப்பேர் செய்து திருப்பி அனுப்பும் பொருள் என்ற முறையில் ('இன்வேர்ட் பிராசசிங்') லென்ஸை உள்ளே எடுக்க முடியுமா என்று பட்டறையிடம் முன்னாலேயே கேளுங்கள்.

வாரன்டியில் இலவசமாகச் செய்து தந்தால் வரியே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நீங்கள் காசு கொடுத்தீர்களோ இல்லையோ, அந்த ரிப்பேருக்கு நியாயமாக என்ன செலவாகுமோ அதற்கு வரி உண்டு என்று அதே அறிவிக்கையில் எழுதியிருக்கிறது.