மலைப்பாதைக்கு மேனுவலா, ஏஎம்டியா?

ஏஎம்டியும் (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் உங்களுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி செய்கிறது. நகர நெரிசலில் இடது காலுக்கு அது பெரிய நிம்மதி.

மலையில் என் ஓட்டு மேனுவலுக்கே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு இறக்கிவிடலாம். ஏஎம்டி வளைவுக்குள் நுழைந்து வேகம் குறைந்த பிறகுதான் இறக்கும். அந்த நொடியில் இழுவை அறுந்து வண்டி தயங்கும். ஏஎம்டியை மேனுவல் மோடுக்கு மாற்றி, கியரை நீங்களே முன்கூட்டி இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மலை இறங்கும்போதும் அப்படியே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிரேக்தான் சூடேறிப்போகும்.

ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள். கிளட்ச் பாதி ஒட்டிய நிலையில் உரசிச் சூடாகி, கருகல் வாடை வரும். கைப்பிரேக் போடுங்கள். மேனுவலில் அரை கிளட்ச்சில் நிற்பவருக்கும் இதே கதிதான்.