விடியற்காலை விமானம்: ஹோட்டலிலிருந்து கிளம்ப எந்த வண்டியை நம்பலாம்?

பகலில் ஹோட்டலிலிருந்து விமான நிலையம் போவதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அதே பயணம் அதிகாலை 3 மணிக்கு என்றால் கதை வேறு. பெரும்பாலான ஊர்களில் அந்த நேரத்தில் ரயில் ஓடாது, டாக்ஸி ஸ்டாண்டில் ஆள் இருக்காது, சொல்லி வைத்த டிரைவர் அசந்து தூங்கிப் போயிருக்கலாம். ஒரு வண்டி கைவிட்டால் அடுத்ததைப் பிடிக்கப் பகலில் ஆவதைவிட அதிக நேரம் ஆகும். அதனால் இந்த நேரத்துக்கான சேவைகளைக் கட்டணத்தையும் சீட்டின் சொகுசையும் வைத்து எடைபோட முடியாது. வண்டி வரவில்லையென்றால் போனை எடுத்துப் பதில் சொல்ல யார் விழித்திருக்கிறார்கள்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ஹோட்டல் ரிசப்ஷன் மூலம் ஏற்பாடு செய்யும் காருக்குத்தான். அது பெரும்பாலும் ஹோட்டலின் சொந்த வண்டி அல்ல. ஒப்பந்தத்தில் இருக்கும் டிராவல்ஸ் வண்டி. ஹோட்டல் தன் கமிஷனையும் சேர்த்துச் சொல்வதால் கட்டணம் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசுக்குக் கிடைப்பது, வாசலில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள். டிரைவர் வரவில்லையென்றால் அவர் டிராவல்ஸுக்குப் போன் போடுவார், அங்கேயும் எடுக்கவில்லையென்றால் இன்னொரு வண்டிக்காரரைக் கூப்பிடுவார். ஊர் புதிது, மொழி தெரியாது என்பவர்களுக்கு இது கொடுக்கிற காசுக்குத் தகுந்த சேவை.

ஆனால் இந்த ஏற்பாடு எங்கே சொதப்பும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பகலில் கோரிக்கையை வாங்கிக்கொள்பவர் ஒருவர், அதிகாலையில் டெஸ்க்கில் இருப்பவர் வேறொருவர். பல ஹோட்டல்களில் காலை 7, பிற்பகல் 3, இரவு 11 என்று மூன்று ஷிஃப்ட். மாலை சொன்ன விஷயம் இரவு ஆளுக்குப் போய்ச் சேர்வது ஒரு லாக் புக் வரியை நம்பித்தான். “412, ஏர்போர்ட், 3.00” என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் ஓட்டைகள் பல: எந்தத் தேதி, எந்த டெர்மினல், எத்தனை பேர், எத்தனை பெட்டி, டிராவல்ஸில் யார் ஒப்புக்கொண்டார், எதுவுமே இல்லை. அந்த வரியை எழுதும்போது பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது தேதி. ஞாயிறு இரவு 10 மணிக்கு “நாளைக் காலை 3 மணி” என்றால் திங்கள் அதிகாலை. அதையே நள்ளிரவு தாண்டி 12.30-க்குச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அது செவ்வாய் ஆகிவிடலாம். “ராத்திரி 2 மணி” இன்னும் மோசம். கிழமையையும் தேதியையும் 24 மணிக் கணக்கில் நேரத்தையும் சேர்த்து, “திங்கள், 14-ஆம் தேதி, 03:00” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விமான எண்ணையும் அதில் சேர்த்தால் டெர்மினல் சந்தேகம் வரும்போது அவர்களே பார்த்துக்கொள்ள முடியும்.

இரவு ஷிஃப்ட் மாறிய பிறகு ஒரு முறை ரிசப்ஷனைக் கூப்பிட்டு டிரைவர் பெயர், போன் எண், வண்டி எண் மூன்றையும் கேளுங்கள். “வண்டி வரும்போது சொல்கிறோம்” என்று பதில் வந்தால், இன்னும் யாரையும் போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தெரிந்துகொண்டால் மாற்று ஏற்பாட்டுக்கு அவகாசம் உண்டு. கட்டணத்தைப் பற்றியும் அப்போதே பேசிவிட வேண்டும். “டோல், பார்க்கிங், இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு? ரூம் பில்லில் சேருமா, டிரைவர் கையில் கொடுக்க வேண்டுமா?” என்ற இரண்டு கேள்விகள் போதும். பில்லிலும் ஏறி, டிரைவரும் கேட்கும் குழப்பம் இதைக் கேட்காததால்தான் வருகிறது.

ஆப் டாக்ஸிக்கு வருவோம். இதில் பலருக்கு இருக்கும் தவறான நம்பிக்கை, முந்தின நாளே பதிவு செய்துவிட்டால் வண்டி உறுதி என்பது. பல ஆப்களில் முன்பதிவு என்பது நீங்கள் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தானாகவே டிரைவரைத் தேடத் தொடங்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அருகில் யாரும் இல்லையென்றால் “டிரைவர் கிடைக்கவில்லை” என்றுதான் வரும். ஊபர் ரிசர்வ் போன்ற வசதியில் டிரைவர் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் அவர் விவரம் திரையில் தெரியும். அது தெரியும்வரை பதிவு பதிவுதான், வண்டி அல்ல. தெரிந்த பிறகும் அவர் ரத்து செய்ய முடியும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதிகாலையில் டிரைவர்கள் ஏன் ரத்து செய்கிறார்கள்? இரவு முழுக்க ஓட்டியவருக்கு அது வீட்டுக்குத் திரும்பும் நேரம். விமான நிலையம் அவர் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கலாம். அங்கிருந்து திரும்பச் சவாரி வேண்டுமென்றால் அங்குள்ள வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும், இல்லையேல் காலி வண்டியாகத் திரும்ப வேண்டும். சில டிரைவர்கள் ரத்து செய்யாமல் வண்டியை அப்படியே நிறுத்திவைத்து, நீங்களே ரத்து செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். வரைபடத்தில் கார் படம் 3, 4 நிமிடம் நகரவே இல்லையென்றால் ஒரு முறை போன் செய்யுங்கள். எடுக்கவில்லையா, அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். ரத்துக் கட்டணம் பிடித்தால் பிறகு ஆப்பில் முறையிட்டுக்கொள்ளலாம். விமானத்தைப் பிறகு பிடிக்க முடியாது.

வெளிநாட்டில் ஆப்பை நம்புபவர்களுக்கு இன்னொரு சிக்கல் சிம். டிரைவர் கூப்பிடுவது உங்கள் ஊர் எண்ணுக்கு. ரோமிங் இல்லையென்றால் அது ஒலிக்காது. கார்டில் பணம் கட்ட வங்கி அனுப்பும் ஓடிபியும் அதே எண்ணுக்குத்தான் வரும். கார்டை ஆப்பில் சேர்த்து, ஒரு பகல் நேரச் சவாரியாவது அதில் போய்ப் பார்த்திருந்தால் ஒழிய, அதிகாலை 3 மணிக்கு முதன்முதலாக அதைத் திறக்காதீர்கள். பிக்கப் புள்ளியையும் கையால் நகர்த்திச் சரிபார்க்க வேண்டும். பெரிய ஹோட்டல்களில் ஜிபிஎஸ் உங்களைப் பின்பக்கச் சரக்கு வாசலிலோ அடுத்த தெருவிலோ காட்டும். ஒரே சங்கிலியைச் சேர்ந்த ஹோட்டலுக்கு அதே நகரில் இரண்டு மூன்று கிளைகள் இருக்கும் என்பதால் பெயரை மட்டும் அடித்துத் தேடினால் வண்டி வேறு கிளை வாசலில் போய் நிற்கும்.

மொத்தத்தில் ஆப் நல்ல இரண்டாம் துணை. கையில் தயாராக இருக்கட்டும். ஆனால் அதை மட்டுமே நம்பி அலாரம் வைப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

விமான நிலையப் பயணத்துக்கென்றே ஓடும் தனியார் கார் நிறுவனங்கள் ஹோட்டல் காருக்குச் சமமாக, சில ஊர்களில் அதைவிட நன்றாகவே இருக்கின்றன. நிலையான கட்டணம், எழுத்தில் உறுதி, பெரிய வண்டி, குழந்தை சீட் என்று கேட்டது கிடைக்கும். சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: அவர்கள் கொடுத்திருக்கும் அவசர எண்ணை முந்தின இரவு 11 மணிக்கு மேல் கூப்பிட்டுப் பாருங்கள். மனிதக் குரல் வந்தால் நம்பலாம். இடைத்தரகு இணையதளம் மூலம் பதிவு செய்தால், வண்டி ஓட்டப்போகும் உள்ளூர் நிறுவனத்தின் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரகரின் கஸ்டமர் கேர் வேறு நேர மண்டலத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

பல ஹோட்டல்களைச் சுற்றி ஆள் ஏற்றும் பகிர்வு வேன் மலிவு. அதற்கு விலையாகத் தூக்கத்தைக் கொடுக்க வேண்டும். முதலில் ஏற்றப்படுபவர் நீங்களென்றால் நகரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நெடுஞ்சாலையைப் பார்ப்பீர்கள், நடுவில் யாராவது ஒருவர் தாமதித்தால் எல்லோருக்கும் தாமதம். தனியாக, ஒரே பெட்டியுடன், நேரம் தாராளமாக இருப்பவருக்குச் சரி. ரயிலும் இரவுப் பேருந்தும் ஓடும் ஊரென்றால் முதல் வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தெருவில் போய்க் கைகாட்டுவது அந்த நேரத்தில் ஒரு திட்டமே அல்ல.

இனி நேரக் கணக்கு. இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். விமானம் 06:10 என்று வைத்துக்கொள்வோம். சர்வதேசப் பயணத்துக்குப் பல நிறுவனங்கள் 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடும், அதாவது 05:10. வரிசையில் நிற்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் 04:00-க்கு விமான நிலைய வாசலில் இறங்க வேண்டும். பயண நேரத்தை வரைபடத்தில் பார்க்கும்போது இப்போதைய கணக்கைப் பார்க்காமல், புறப்படும் நாளையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். “30 முதல் 40 நிமிடம்” என்று வந்தால் 40-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 03:20-க்கு வண்டி நகர வேண்டும். ஆனால் வண்டியை 03:00-க்கு வரச் சொல்லுங்கள்.

அந்த 20 நிமிடம் வீணல்ல. முதல் வண்டி வராவிட்டால் இரண்டாவதைப் பிடிப்பதற்கான நேரம் அது. 02:45-க்குள் டிரைவரிடமிருந்து தகவல் இல்லையென்றால் கூப்பிடுங்கள். 03:05 ஆகியும் வண்டியும் இல்லை, தெளிவான பதிலும் இல்லையென்றால் ஆப்பில் அடுத்ததைப் போடுங்கள். “அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன் சார்” என்பது தெளிவான பதில் அல்ல. இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். சாலையின் பெயரோ அருகிலுள்ள பெரிய கட்டடமோ வாயில் வரவில்லையென்றால் அவர் இன்னும் வீட்டிலிருந்து கிளம்பவில்லை.

மிக முன்னதாகப் போவதிலும் பயனில்லை. பல நிறுவனங்கள் பெட்டி வாங்கும் கவுன்ட்டரை 2 அல்லது 3 மணி நேரம் முன்புதான் திறக்கும். சில சிறிய விமான நிலையங்கள் நள்ளிரவில் கதவையே பூட்டிவிடும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கோடை நேரமாற்றம் நடப்பது ஞாயிறு அதிகாலையில்தான். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். மார்ச்சில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுவதால் தூக்கத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். போன் தானாக மாறிக்கொள்ளும், கட்டில் பக்கத்துக் கடிகாரம் மாறாது. அதிகாலை மாரத்தான் ஓட்டங்களுக்குச் சாலை அடைப்பதும் பெரும்பாலும் ஞாயிறுதான். ரிசப்ஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

பெட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் வண்டி கேட்பது அடிக்கடி நடக்கிற பிழை. சாதாரண செடான் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டியும் ஒன்றிரண்டு கைப்பெட்டியும் போகும். காஸில் ஓடும் வண்டியென்றால் டிக்கியில் பாதியை சிலிண்டர் எடுத்துக்கொண்டிருக்கும், ஒரு பெரிய பெட்டியே தடுமாறும். மூன்று பேர், மூன்று பெரிய பெட்டி என்றால் யோசிக்காமல் பெரிய வண்டி சொல்லுங்கள். அதிகாலை 3 மணிக்கு ஹோட்டல் வாசலில் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பதில் போகும் 10 நிமிடம் அந்த 20 நிமிடத்திலிருந்துதான் கழியும்.

பில்லை முந்தின இரவே முடித்துவிடுங்கள். ஹோட்டல்களில் நள்ளிரவுக்குப் பிறகு அன்றைய கணக்கை மூடும் நைட் ஆடிட் நடக்கும். அந்த நேரத்தில் பில் மென்பொருள் சிறிது நேரம் முடங்கிக் கிடக்கலாம். டெஸ்க்கில் இருக்கும் ஒரே ஆள் “கொஞ்சம் இருங்க” என்பார், வாசலில் வண்டி காத்திருக்கும். முன்பணம் திரும்ப வர வேண்டியிருந்தால் இது இன்னும் முக்கியம். சிறிய விடுதிகளில் இரவில் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். யாரிடம் சாவி இருக்கிறது, அவர் எங்கே படுத்திருப்பார் என்பதைக் கேட்டு வையுங்கள்.

வண்டியில் ஏறும் முன் வண்டி எண்ணைப் பாருங்கள். “ஏர்போர்ட்டா?” என்று கேட்கும் எவருக்கும் ஆமாம் என்று தலையாட்டாமல், யார் பெயரில் பதிவு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அறைகளுக்கு வண்டி வந்தால் பெட்டிகள் மாறி ஏறுவதும் உண்டு. கிளம்பியதும் டெர்மினலை ஒரு முறை சத்தமாகச் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்து, விமானத்தை இயக்குவது இன்னொரு நிறுவனம் என்றால், இயக்குபவரின் டெர்மினலுக்குத்தான் போக வேண்டும். சில ஊர்களில் டெர்மினல்களுக்கு நடுவே கிலோமீட்டர் கணக்கில் தூரம்.

விமானம் 5 மணிக்கு முன்பு, ஹோட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், கூடவே குழந்தைகளோ முதியவர்களோ இருக்கிறார்கள் என்றால், கடைசி இரவை மட்டும் விமான நிலையத்துக்கு அருகே மாற்றிக்கொள்வது நல்லது. நகரத்திலிருந்து பகலிலோ மாலையிலோ நிதானமாகக் கிளம்பலாம். அங்கும் “இலவச ஷட்டில்” என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம். முதல் வண்டி எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, சீட்டுக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டுமா என்று அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள். முதல் ஷட்டிலே காலை 5 மணிக்குத்தான் என்று சொல்லும் ஹோட்டல்களும் இருக்கின்றன.