எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்: பழைய முகம், உருப்படியான டூல்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான எஸ்கியூஎல் சர்வரின் எக்ஸ்பிரஸ், டெவலப்பர் பதிப்புகளைப் புதிதாகப் போட்டதும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து கனெக்ட் ஆகாது, ஏனென்றால் நெட்வொர்க் வழியாகப் பேச வைக்கும் டிசிபி/ஐபி அணைத்தே வரும். அதே மெஷினுக்குள் பேசும் ஷேர்டு மெமரி மட்டும் ஆனில் இருக்கும். இதைச் சரிசெய்ய, சர்வரின் நெட்வொர்க் செட்டிங்குகளை மாற்றும் இந்த கான்ஃபிகரேஷன் மேனேஜரை நம்பலாம். டிசிபி/ஐபியை எனேபிள் செய்துவிட்டு, ஐபி அட்ரஸ் டேபில் கடைசிவரை இறங்கினால் ஐபிஆல் (எல்லா ஐபிக்கும் பொதுவான பகுதி) வரும், அங்கே போர்ட் எண்ணைத் தானாகத் தேர்ந்தெடுக்க வைக்கும் டைனமிக் போர்ட் கட்டத்தைச் சுத்தமாகக் காலியாக்கி (0 இருந்தாலும் டைனமிக்தான்) கீழே டிசிபி போர்ட் கட்டத்தில் 1433 போட்டு, அப்புறம் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஃபயர்வாலை மட்டும் நாம்தான் தனியாகத் திறக்க வேண்டும். நேம்டு பைப்ஸ் என்ற இன்னொரு கனெக்ஷன் வழி பலருக்குத் தேவையே இல்லை, விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: புது விண்டோஸில் இது தனி ஆப்பாகத் தெரியாது, ரன் பெட்டியில் இதன் ஃபைல் பெயரை முழுதாகப் பதிப்பு எண்ணோடு அடிக்க வேண்டும், எஸ்கியூஎல் சர்வர் 2022-க்கு அந்த எண் 16 (SQLServerManager16.msc).