வெரோனாவுல அமரோனே ஒயின் ஆர்டர் பண்றவங்க கவனத்துக்கு: டிகேன்டர்ங்கற கண்ணாடிக் குடுவைல ஊத்திக் கொண்டுவந்தா வாங்காதீங்க

இத்தாலி டூர்ல வெரோனா போறவங்க ஒரு தடவையாச்சும் அமரோனே குடிச்சுப் பாக்கணும்னு ஆசப்படுவாங்க, ஆசப்படணும், அந்த ஊரு பெருமையே அந்த ரெட் ஒயின்தான். ஆனா அந்தப் பேரச் சொல்லி வேற ஒயின ஊத்தி காசு புடுங்குற இடமும் இருக்கு. அங்க இருக்கற பழைய ரோமானிய அரங்கம் அரேனாவுக்குப் பக்கத்துல ஒரு ரெஸ்டாரன்ட்ல எங்களுக்கு நடந்தத சொல்றேன், படிச்சிட்டுப் போங்க.

மிலான்ல வேலை பாக்குற அத்தான்தான் போன்ல டேபிள் புக் பண்ணாரு, அமரோனே கிளாசிக்கோ (பழைய மூலப் பகுதில வெளஞ்ச அமரோனே) பாட்டில் வேணும்னு அப்பவே சொல்லிட்டாரு. மெனுவுல அது 85 யூரோ, அதே ஒயினரியோட ரிப்பாஸோ, அதாவது அமரோனேவ விட லேசான இன்னொரு ரெட் ஒயின், 32 யூரோ. நாங்க போய் உக்காந்ததுமே டிகேன்டர்ல ஊத்தின ஒயின் வந்துச்சு. பாட்டில் எங்கன்னு கேட்டா, "காத்து படணும்ல, ரெண்டு மணி நேரம் முன்னாடியே தொறந்து வச்சிட்டோம்"ங்குறாரு சர்வர். இதுல என்ன கொடுமைன்னா அவர் சொல்றது நியாயமான விஷயம்தான், அமரோனே மாதிரி கனமான ஒயின முன்னாடியே தொறந்து வைக்கிறது வழக்கம்தான், அதனாலதான் யாரும் எதுத்துக் கேக்க மாட்டாங்க.

ஆனா அன்னிக்கு காலைலதான் பக்கத்துல ஃபுமானேங்கற ஊர்ல ஒரு ஒயினரிக்குப் போய் அமரோனே டேஸ்ட் பண்ணிட்டு வந்திருந்தோம். காஞ்ச செர்ரி, உலர் திராட்சை, கோகோ வாசனை எல்லாம் மூக்குலயே நின்னுச்சு, முழுங்கினா தொண்டை வரைக்கும் சூடு எறங்கும். இங்க ஊத்துனது நல்ல செர்ரி புளிப்பு, லேசா இருக்கு, கிளாஸுக்குப் பின்னாடி இருக்கற விரல் தெளிவா தெரியுது. பாட்டிலக் காட்டுங்கன்னு அத்தான் விடாம இத்தாலியன்ல கேக்க, ரொம்ப நேரம் கழிச்சு ஒரு காலி பாட்டிலக் கொண்டுவந்தாங்க. லேபிள் அமரோனேதான். ஆனா உள்ள அடியில மண்டி காஞ்சு பொருக்கு தட்டிப் போயிருக்கு, கார்க்கோட அடிப்பக்கம் காஞ்சு இறுகிக் கெடக்கு. ரெண்டு மணி நேரம் முன்னாடி ஊத்துன பாட்டில் அப்படியா இருக்கும்? ஈரம்கூட இல்லைங்க.

அதச் சொன்னதும் ஓனர் வந்தாரு, "எல்லாம் ஒரே தோட்டத்துத் திராட்சைதானே"ன்னாரு. எனக்கு அதுலதான் கோவம் வந்துச்சு. ஒரே தோட்டமா இருக்கலாம், வேலை ஒண்ணா? கொர்வினா, கொர்வினோனே, ரொந்தினெல்லா திராட்சைய இலையுதிர்காலத்துல பறிச்சு, நல்ல கொலையா பொறுக்கி, காத்தோட்டமான மாடத்துல மூணு நாலு மாசம் காய வைக்கறாங்க. எடையில 30-40 சதவீதம் போயிடும். அதுக்கப்புறம்தான் நசுக்கி, சர்க்கரை பெரும்பாலும் ஆல்கஹாலா மாறுற வரைக்கும் மெதுவா புளிக்க வச்சு, கொறஞ்சது 2 வருஷம் ஊற வைக்கணும், லேபிள்ல ரிசர்வான்னு போடணும்னா 4 வருஷம். ரெசியோத்தோன்னு அங்க காலங்காலமா இருக்கற இனிப்பு ஒயின்லருந்து பொறந்ததுதான் இது. எங்களுக்கு ஊத்துன ரிப்பாஸோ அப்படி இல்ல, அமரோனே எடுத்த சக்கை மேல அந்தப் பகுதியோட சாதா ரெட் ஒயினான வால்பொலிசெல்லாவ ஊத்தி மறுபடி புளிக்க வைக்கறது. அதுவும் நல்ல ஒயின்தான், அதுக்குன்னு ஒரு விலை இருக்கு, அந்த விலைக்கு விக்கட்டும்!

ரொம்ப வாக்குவாதத்துக்கு அப்புறம் பில்லுல 32 யூரோன்னு மாத்துனாங்க, ஒரு சாரி கெடையாது. பக்கத்து டேபிள்லயும் அதே மாதிரி டிகேன்டர் இருந்துச்சு, அதப் பாத்துதான் எழுதறேன்.

அதனால பாட்டில மூடினபடியே டேபிளுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க, உங்க முன்னாடி தொறக்கட்டும், அப்புறம் டிகேன்டர்ல ஊத்தட்டும், காத்து பட காத்திருக்கலாம், தப்பில்ல. 2010 வருஷ அறுவடைலருந்து அமரோனேக்கு டிஓசிஜி அந்தஸ்து (இத்தாலி ஒயின்களுக்குக் குடுக்கற உச்ச தரம்), அதனால பாட்டில் கழுத்துல நம்பர் போட்ட அரசாங்க ஸ்ட்ரிப் ஒட்டியிருக்கணும், அதுல டிஓசிஜின்னு இருக்கான்னு பாருங்க. ரிப்பாஸோ அதுக்கு ஒரு படி கீழ, வெறும் டிஓசிதான். லேபிள்ல ஆல்கஹாலயும் பாத்துடுங்க, அமரோனேக்கு சட்டப்படி 14 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது, பெரும்பாலும் 15, 16னு இருக்கும். கிளாஸ் கணக்குல வாங்கினாலும் பாட்டில எடுத்துட்டு வந்து ஊத்தச் சொல்லுங்க.

இன்னொண்ணு, அந்த சர்வர் என் அக்காவுக்கு அமரோனேயோட கடல் மீன் கிரில் நல்லா போகும்னு சொல்லி வித்தாரு. போகவே போகாது, இவ்ளோ கனமான ஒயின் முன்னாடி மீன் ருசி காணாமப் போயிடும். அங்க உள்ளவங்க இதோட சாப்புடறது ஒயின்லயே மணிக்கணக்கா வேகவச்ச மாட்டுக்கறி பிரசாட்டோ, வேட்டைக் கறி, இல்லன்னா நல்லா முத்தின மோன்டே வெரோனேசே சீஸ். கறி வேணாம்னா அமரோனே ஊத்தி வியாலோனே நானோ அரிசில கொழகொழன்னு செய்யற ரிசோட்டோ சாதம் கேளுங்க, அது கருஞ்செவப்பா வரணும். லேசான பசிதான்னா சாதா வால்பொலிசெல்லாவே போதும், வெலையும் கம்மி.