ஃபுட் டிராப்புக்கான ரெடிமேட் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் எப்படி?

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தடவினால் குமிழ் மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பெரோனியல் நரம்பு போகிறது. மேலே சதைப்பாதுகாப்பு கிடையாது. எலும்பு முறிவோ இறுக்கமான மாவுக்கட்டோ அங்கே நரம்பை நசுக்கினால் பாதத்தை மேலே தூக்க முடியாது, புறங்கால் மரத்துப்போகும். நடக்கையில் விரல் நுனி தரையில் இடறும். இதுதான் ஃபுட் டிராப்.

இந்தக் குறைக்கு, கெண்டைக்காலின் பின்பக்கமும் உள்ளங்காலும் பதிகிற எல் வடிவ பாலிப்ரொப்பிலீன் ஸ்பிளின்ட் நன்றாகவே உதவுகிறது. காலை முன்னே வீசும்போது பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். போட்டதுமே இடறல் குறையும். எடை குறைவு, ஷூவுக்குள் அடங்கும்.

மாட்டும் முறையில்தான் பாதி பலன். முதலில் தையல் உறுத்தாத நீளமான பருத்தி சாக்ஸ். பிறகு உட்கார்ந்து முழங்காலை மடக்கி, குதிகாலைக் கடைசிவரை பின்னே தள்ளிவிட்டு பட்டையை ஒட்டுங்கள். குதிகால் எழும்பியிருந்தால் ஒவ்வோர் அடியிலும் உராய்ந்து கொப்புளம் வரும். ஷூவின் உள் அட்டையை எடுத்துவிடுங்கள். அப்படியும் இறுக்கினால் அரை சைஸ் பெரிதாக, லேஸ் வைத்தது வேண்டும். செருப்போடு சரிப்படாது.

பெரிய குறை மேல் விளிம்பு. ரெடிமேட் அளவு காலுக்கு உயரமாகிவிட்டால், விளிம்பும் பட்டையும் ஏற்கெனவே அடிபட்ட அதே நரம்பை மறுபடி அழுத்தும். அந்தக் குமிழுக்கு 2 செ.மீ.யாவது கீழே விளிம்பு நிற்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. இன்னொன்று, உணர்வில்லாத தோலில் புண் வந்தால் வலிக்காது, கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் 1 மணி நேரம் போதும். கழற்றியதும் வெளிக்கணுக்கால், சுண்டுவிரல் பக்கத்து எலும்புமேடு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் மறுபடி போடாமல் ஆர்த்தோட்டிஸ்ட்டிடம் (ஸ்பிளின்ட் செய்து பொருத்தும் நிபுணர்) காட்டுங்கள். பாலிப்ரொப்பிலீனைச் சூடேற்றி அந்த இடத்தை மட்டும் விரித்துத் தருவார். கார்பன் ஃபைபர் மாடல் இன்னும் இலேசு, ஆனால் அதை இப்படித் திருத்த முடியாது.

நரம்பை இது குணப்படுத்தாது. அறுந்த நரம்பிழை வளர்வதே நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான், அதுவரை கெண்டைச்சதை இறுகாமலிருக்க, ஸ்பிளின்ட்டைக் கழற்றித் தினமும் நீட்டும் பயிற்சி செய்தாக வேண்டும்.

எல்லாக் காலுக்கும் இது பொருந்தாது. தொடை முன்பக்கத்து ஃபீமரல் நரம்பு அடிபட்டவருக்கு முழங்காலே மடங்கிவிடும். கணுக்காலைப் பிடிக்கும் இந்த மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்காது. பாதம் விறைத்து உள்பக்கம் திரும்புகிறவர்களுக்கும் நாளுக்கு நாள் வீக்கம் மாறுகிறவர்களுக்கும் அளவெடுத்துச் செய்ததே சரி.